மருந்துக்குப் பழகியது யார்?



"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. விருந்தாளி மூன்று நாளைக்கு மேல் தங்கினால் வீட்டாருக்குச் சுமை. மருந்து மூன்று நாளைக்கு மேல் நீடித்தால் உடம்புக்குச் சுமை என்பது அதன் கருத்து. கஷாயமும் சூரணமும் வழங்கிய காலத்தில் இது நல்ல அறிவுரையாகவே இருந்திருக்கும். ஊரை விட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பிழைக்க வந்தபோது, பெட்டி படுக்கையோடு நாம் கொண்டு வந்த முதுமொழிகளில் இதுவும் ஒன்று. இந்தப் பழமொழி இன்று நமக்கு எவ்வளவு தூரம் துணை செய்யும், எந்த இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

நான் வைத்தியம் படித்தவன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். சட்டம், சுற்றறிக்கை, சுகாதாரப் பிரசுரம் என்று எது மேசைக்கு வந்தாலும் அதைத் தமிழாக்கித் தருவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று வந்தது. இம்மருந்துகளை முறை தவறி உட்கொண்டால் "எதிர்ப்புச் சக்தி வளரும்" என்று ஓரிடத்தில் எழுதினேன். வழக்கம்போல் வீட்டில் என் தாயாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏனப்பா, எதிர்ப்புச் சக்தி வளருமென்றால் நல்லதுதானே? அதை ஏன் கூடாது என்கிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமும் வந்தது. நோய் எதிர்ப்புச் சக்தி என்றால் நம் உடம்பின் பலம் என்றுதான் தமிழறிந்த எவரும் கொள்வர். பிரசுரம் சொல்ல வந்ததோ கிருமியின் பலத்தை. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டு நான் குழப்பிவிட்டேன். மறுநாள் அந்த வரியை, "கிருமிகளுக்கு மருந்தைத் தாங்கும் வலிமை உண்டாகிவிடும்" என்று திருத்தினேன். ஆயினும் என் தாயாரின் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. "இந்த மாத்திரை எனக்குக் கேட்பதில்லை, என் உடம்புக்குப் பழகிவிட்டது" என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்கிறோமே. உண்மையில் மருந்துக்குப் பழகியது யார்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கதை 1928ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் மாநகரில் தொடங்குகிறது. செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி கண்ணாடித் தட்டுகளில் கிருமிகளை வளர்த்து ஆராய்ந்து வந்தார். விடுமுறை கழிந்து திரும்பியவர், ஒரு தட்டில் பூசணம் பூத்திருக்கக் கண்டார். பூசணத்தைச் சுற்றியிருந்த இடத்தில் மட்டும் கிருமிகள் கரைந்து மறைந்திருந்தன. ஊறுகாய்ச் சாடியிலும் பழைய ரொட்டியிலும் நாம் அருவருப்போடு துடைத்தெறியும் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் அது. அதிலிருந்து கசிந்த பொருளுக்குப் பெனிசிலின் என்று அவர் பெயரிட்டார். ஆனால் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்த அந்தச் செய்தியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹவர்டு புளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் தட்டி எழுப்பினர். 1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. மற்றவை மாண்டு கிடந்தன. 1941ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. முகமெங்கும் சீழ் பிடித்துச் சாகக் கிடந்தவர் நான்கைந்து நாட்களில் எழுந்து உணவு கொண்டார். அதற்குள் கைவசமிருந்த மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்துத் திரும்பச் செலுத்தியும் பார்த்தார்கள். போதவில்லை. மார்ச் மாதத்தில் அவர் காலமானார். அரைக்கிணறு தாண்டிய வைத்தியம் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டிய முதல் மனிதர் அவரே எனலாம். அன்று மருந்து இல்லாமல் பாதியில் நின்றது. இன்று மருந்து கையிலிருந்தும் நாம் பாதியில் நிறுத்துகிறோம்.

இங்கே ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. அந்தப் போலீஸ்காரருக்கு மருந்து செலுத்துவதற்கு முன்பே, 1940ஆம் ஆண்டு டிசம்பரில், அதே ஆக்ஸ்போர்டில் எட்வர்டு ஆபிரகாமும் செயினும் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டிருந்தார்கள். சில கிருமிகள் பெனிசிலினையே சிதைத்துவிடக் கூடிய ஒரு நொதியைச் சுரக்கின்றன என்பதே அக்குறிப்பு. மருந்து மனிதனை வந்து சேருமுன்னரே அதை முறிக்கும் கருவி கிருமியிடம் இருந்திருக்கிறது. இதில் வியப்பதற்கும் இடமில்லை. பூசணமும் கிருமியும் மண்ணில் கோடானுகோடி ஆண்டுகளாகப் போரிட்டு வருபவை. நாம் அந்தப் போரில் ஒரு தரப்பின் ஆயுதத்தை நேற்றுக் கடன் வாங்கியவர்கள்.

பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. டிசம்பரில் பரிசு பெற்றபின் ஆற்றிய சொற்பொழிவில் பிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். பெனிசிலினை எவரும் கடையில் வாங்கலாம் என்ற காலம் வரும். அப்போது ஒருவருக்குத் தொண்டை நோகும். அவர் தாமாகவே வாங்கி, போதாத அளவில் உட்கொள்வார். கிருமிகள் சாகமாட்டா, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளும். பிறகு அக்கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றும். அவளுக்கு நுரையீரல் அழற்சி காணும். பெனிசிலின் கொடுத்தும் பயனின்றி அவள் இறந்துபோவாள். அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி யார் என்பதே அக்கதையின் கேள்வி. மருந்தைக் கண்டுபிடித்தவர், பரிசு பெற்ற மேடையிலேயே, மருந்தைத் தவறாக உண்டவன் ஒருவன், உயிரிழந்தவள் மற்றொருத்தி என்று காட்டினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

எச்சரிக்கை பலிக்க நெடுங்காலம் ஆகவில்லை. லண்டனில் மேரி பார்பர் என்ற அம்மையார் ஒரு மருத்துவமனையில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் கிருமியை ஆண்டுதோறும் சோதித்து வந்தார். 1946ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே பெனிசிலினுக்கு அடங்காததாக இருந்தது. 1948ஆம் ஆண்டிலோ அது பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளுக்கென்றே மெத்திசிலின் என்ற மருந்தை உருவாக்கினர். அது 1959, 1960 ஆண்டுகளில் வழக்குக்கு வந்தது. 1961ஆம் ஆண்டிலேயே அதற்கும் அடங்காத கிருமிகளைப் பாட்ரிஷியா ஜெவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கண்டறிந்து அறிவித்தார். அவர் பார்த்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளில் அத்தகையவை மூன்றே. மூன்றுதானே என்று அன்று யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை. அவற்றின் வகையறா இன்று உலக மருத்துவமனைகளில் எல்லாம் குடியிருக்கிறது.

கிருமிக்கு இந்த வலிமை எப்படி வருகிறது? மருந்தைக் கண்ட பிறகு அது முயன்று கற்றுக்கொள்கிறதா, அல்லது முன்பே அவ்வலிமை பெற்ற சில கிருமிகள் கூட்டத்தில் கலந்திருக்கின்றனவா? அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் என்ற தம்பதியர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு அழகான விடை தந்தது. கிருமிகள் புள்ளி புள்ளியாகக் குடும்பம் குடும்பமாய் வளர்ந்த தட்டின்மேல் ஒரு வெல்வெட் துணியை ஒற்றி எடுத்தார்கள். கோலப் பொடியில் வைத்த உள்ளங்கையைச் சுவரில் பதித்தாற்போல, அத்துணியை வேறு தட்டுகளில் அதே திசையில் பதித்தார்கள். அந்தத் தட்டுகளில் மருந்து கலந்திருந்தது. எல்லாக் கிருமிகளும் அழிந்தன. ஓரிரு புள்ளிகள் மட்டும் வளர்ந்தன. ஒவ்வொரு தட்டிலும் அவை ஒரே இடத்தில் வளர்ந்ததுதான் விந்தை. முதல் தட்டில் அதே இடத்திலிருந்த மூலக் குடும்பத்தை எடுத்துச் சோதித்தார்கள். மருந்தைக் கண்ணாலும் கண்டிராத அக்குடும்பம் மருந்துக்கு அஞ்சவில்லை.

ஆகவே வலிமையுள்ள கிருமியை மருந்து படைப்பதில்லை, பொறுக்கி எடுக்கிறது. சல்லடையில் மாவு கீழே விழுந்துவிட, கப்பி மேலே நிற்பதுபோல, எளியவை அழிய வலியவை எஞ்சுகின்றன. போட்டியின்றிக் காலியான இடத்தில் அவை பெருகுகின்றன. நாம் எத்தனை முறை சலிக்கிறோமோ அத்தனை முறை கப்பி சேரும். தேவையில்லாமல் சலிப்பதும், பாதி சலித்து நிறுத்துவதும் ஏன் தீங்கு என்பது இப்போது விளங்கும். என் தாயாரின் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மருந்துக்குப் பழகியது நம் உடம்பன்று. உடம்பில் குடியிருக்கும் கிருமிக் கூட்டம் மாறிவிட்டது. உடம்பு நம்முடையதுதான்; கிருமி நம்முடனே நின்றுவிடுவதில்லை. இருமலிலும் கைப்பிடியிலும் தண்ணீரிலும் அது அடுத்தவரிடம் செல்கிறது.

இனி, நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு பகுதிக்கு வருகிறேன். காசநோய்க்குப் பெனிசிலின் பயன்படவில்லை. அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் 1943ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதைச் சோதித்து 1948ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்றவர் 55 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர் 52 பேர். ஆறு மாதத்தில் முதற் பிரிவில் 4 பேரும் இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்திருந்தனர். சஞ்சீவி கிடைத்துவிட்டது என்றே தோன்றியது. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது முதற் பிரிவில் 32 பேரும், இரண்டாம் பிரிவில் 35 பேரும் மாண்டிருந்தனர். இரு பிரிவுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரின் கிருமிகள் சில வாரங்களிலேயே ஸ்டிரெப்டோமைசினுக்கு அடங்காதவையாக மாறியிருந்ததே இதற்குக் காரணம்.

இந்தத் தோல்வியிலிருந்து ஒரு பெரிய பாடம் பிறந்தது. ஸ்வீடன் நாட்டு ஜோர்கன் லேமன் கண்ட பி.ஏ.எஸ். என்ற மருந்தையும் ஸ்டிரெப்டோமைசினையும் சேர்த்துக் கொடுத்தபோது, அடங்காத கிருமிகள் வெகு சிலரிடமே தோன்றின. கணக்கு எளியது. ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி 10 லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நோயுற்ற நுரையீரலில் பல கோடிக் கிருமிகள் இருப்பதால் அத்தகையவை நிச்சயம் சில இருக்கும். இரண்டு மருந்துக்கும் ஒருங்கே அடங்காத கிருமியோ லட்சம் கோடியில் ஒன்றுதான். ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றது பிடித்துவிடும். 1952ஆம் ஆண்டில் ஐசோனியசிட் என்ற மலிவான மாத்திரையும் வந்து சேர்ந்தது. கூட்டு மருந்தை நெடுங்காலம் இடைவிடாமல் உண்ண வேண்டும் என்ற விதி உறுதிப்பட்டது.

விதி சரி, ஏழை நாட்டில் அது நடக்குமா? அக்காலத்தில் காசநோயாளியைத் தனி விடுதியில் வைத்து, ஓய்வும் நல்லுணவும் தந்து பேணுவதே முறை. இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம். விடுதிப் படுக்கைகளோ மிகச் சில. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்ற மருத்துவர் அதன் ஆய்வுகளை முன்னின்று நடத்தினார். நகரின் நெருக்கமான குடியிருப்புகளைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைந்த நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு விடுதியில் தங்கினர். மறு பிரிவினர் தம் வீட்டிலேயே இருந்து, வேலைக்கும் சென்று, அதே மாத்திரைகளை உண்டனர். 1959ஆம் ஆண்டு வெளியான முடிவு உலக மருத்துவர்களை வியக்க வைத்தது. உணவிலும் ஓய்விலும் அத்தனை குறைவிருந்தும் வீட்டுப் பிரிவினர் ஏறக்குறைய விடுதிப் பிரிவினருக்கு இணையாகக் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் அதிக ஆபத்து நேரவில்லை.

மருந்து மட்டும் ஒழுங்காக உள்ளே சென்றால் போதும் என்பது தெளிவாயிற்று. அந்த ஒழுங்குதான் கடினம் என்பதையும் சென்னை நிலையத்தார் அறிந்திருந்தனர். முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள்; சிறுநீரைச் சோதித்து மருந்து உண்டாரா என்று கண்டார்கள். நோயாளி இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு தேறியதும் மாத்திரையை மறப்பது படித்தவர், படியாதவர் என்ற வேற்றுமையின்றி எங்கும் நிகழ்வதே. ஆகவே வாரம் இருமுறை நோயாளியை வரச்செய்து, கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து 1964ஆம் ஆண்டில் நல்ல பயனை அறிவித்தார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை முறைக்கு வித்திட்டவற்றுள் சென்னையின் ஆய்வு முதன்மையானது. சேத்துப்பட்டில் அந்த நிலையம் இன்றும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகப் பணியாற்றி வருகிறது.

இந்த வரலாற்றை நான் நூலில் படிக்குமுன் நேரில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தில்லி கரோல்பாகில் ஒரு மாடியறையில் நாங்கள் நால்வர் சேர்ந்து குடியிருந்தோம். நால்வரும் தமிழர், அவரவர் ஊரும் வேலையும் வேறு. அவர்களுள் தஞ்சைப் பக்கத்து நண்பர் ஒருவருக்குக் காசநோய் கண்டது. அரசாங்க மருந்தகத்தில் சிகிச்சை தொடங்கினார். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, எடை கூடிற்று. தங்கையின் திருமணத்துக்கு ஊர் சென்றவர், கல்யாண வேலையிலும் விருந்திலும் மருந்தை விட்டுவிட்டார். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு?" என்று நாங்களும் ஆமோதித்தோம். எங்களுக்குத் தெரிந்தது மூன்று நாள் பழமொழிதானே!

அடுத்த மழைக்காலத்தில் நோய் திரும்பிற்று. இம்முறை முக்கியமான இரண்டு மருந்துகளுக்கும் கிருமி அடங்கவில்லை. இரண்டு ஆண்டுச் சிகிச்சை. அதில் பல மாதம் நாள்தோறும் ஊசி. உயிர் பிழைத்தார், ஆனால் ஊசி மருந்தின் கடுமையால் காது மந்தமாகிவிட்டது. அதைக் காட்டிலும் எங்களை உலுக்கியது வேறொன்று. அறையிலிருந்த மற்றொரு நண்பருக்கும் பின்னர் அந்நோய் கண்டது. அவர் வாழ்நாளில் ஒரு காசநோய் மாத்திரையும் உட்கொண்டவர் அல்லர். ஆயினும் முதல் நாளிலிருந்தே அவருடைய கிருமி அதே இரண்டு மருந்துகளுக்கும் அடங்காததாக இருந்தது. வேலை போயிற்று, நிச்சயித்திருந்த திருமணம் நின்றது. மருந்தை நிறுத்தியவர் ஒருவர். தண்டனை பெற்றவர் இருவர். பிளெமிங் சொன்ன கற்பனைக் கதையைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அது கற்பனையாகத் தோன்றவில்லை.

கிருமிகள் தம் வலிமையைச் சந்ததிக்கு மட்டும் வழங்கி நிற்பதில்லை. ஜப்பானில் 1950களில் சீதபேதிக் கிருமிகள் ஒரே வேளையில் நான்கு மருந்துகளுக்கு அடங்காமல் போயின. குடலில் அமைதியாக வாழும் வேறோர் இனக் கிருமியிடமிருந்து அவை இந்த வலிமையை நேரே பெற்றுக்கொள்ள முடியும் என்று அந்நாட்டு விஞ்ஞானிகள் 1959ஆம் ஆண்டில் கண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் விடைத்தாளைக் கைமாற்றுவது போன்றது இது. தீங்கற்ற கிருமியிடம் நாம் வீணாக வளர்த்துவிட்ட வலிமை, நாளை கொடிய கிருமியின் கைக்குப் போகலாம்.

இதற்குத் தில்லி நகரே சான்றாகிவிட்டது. இங்கே மருத்துவமனையில் தங்கி ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008ஆம் ஆண்டில் ஒரு கிருமி காணப்பட்டது. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனம் என்ற வகை மருந்துகளையும் சிதைக்கும் நொதி அதனிடம் இருந்தது. ஆக்ஸ்போர்டில் 1940ஆம் ஆண்டு கண்ட அதே தந்திரம்; ஆயுதம்தான் கூர்மையாகிவிட்டது. அந்த நொதிக்குப் புதுதில்லியின் பெயரை இட்டதைக் குறித்துப் பெரும் வாதம் எழுந்தது. பெயரைப் பற்றிய மனத்தாங்கல் நியாயமாக இருக்கலாம். எனினும் 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நகரின் தேங்குநீர் மாதிரிகள் பலவற்றிலும் குழாய் நீர் மாதிரிகள் சிலவற்றிலும் அதன் தடம் தென்பட்டது. அதே நீரைக் குடிப்பவர்கள் நாம்.

நம் நாடு இத்துறையில் பின்தங்கி நின்றதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் ஆராய்ச்சித் தலைவராக விளங்கிய நிறுவனத்திலிருந்துதான், 1948ஆம் ஆண்டு ஆரியோமைசின் வெளிவந்தது. புனே அருகே பிம்ப்ரியில் 1954ஆம் ஆண்டு நிறுவிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை, மறு ஆண்டே பெனிசிலின் தயாரிக்கத் தொடங்கிற்று. பிரசவத்திலும் ரண சிகிச்சையிலும் குழந்தைகளின் நிமோனியாவிலும் இம்மருந்துகள் காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. இன்றும் மருந்து கிட்டாமல் சாகும் ஏழைகள் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. எளிதில் கிடைத்த இடங்களிலோ அது சுக்கு மிளகைப் போல் மலிந்துவிட்டது. கறிக்கோழி விரைவில் கொழுப்பதற்குங்கூட ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மனிதருக்குக் கடைசிப் புகலான கொலிஸ்டினை விலங்குகளுக்குத் தருவதை 2019ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் தடை செய்தது.

அதே 2019ஆம் ஆண்டில், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர்க் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஒரு பெரும் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புதிய மருந்து வரும் என்று காத்திருக்கலாமெனில், இன்று நாம் வழங்கும் ஆன்டிபயாடிக் வகைகளில் மிகப் பல 1940க்கும் 1960களுக்கும் இடையில் கண்டவை. அதன்பின் வந்த புதிய வகைகள் விரல்விட்டு எண்ணத் தக்கவையே.

விழிப்பும் பிறக்காமல் இல்லை. 2012ஆம் ஆண்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடிச் "சென்னைப் பிரகடனம்" என்ற திட்டத்தை வகுத்தன. மருத்துவரே எட்டாத சிற்றூர்கள் உள்ள நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுத்துவிட இயலாது. உயர்ந்த மருந்துகளிலிருந்து படிப்படியாகக் கட்டுப்பாடு வரட்டும் என்ற நடைமுறை நோக்கு அதில் இருந்தது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல், முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றையும் காசநோய் மருந்துகளையும் விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்ற பிரசாரம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிற்று. கேரள அரசாங்கம் 2024ஆம் ஆண்டில், சீட்டின்றி விற்கும் கடைகளைச் சோதிக்கும் இயக்கத்தை மேற்கொண்டது. ஆயினும் சட்டம் கடை வாசல் வரையில்தான் வரும். வீட்டு அலமாரிக்குள் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சில இடர்கள் உண்டு. புதிய ஊரில் டாக்டரிடம் நோயைச் சொல்ல மொழி தடையாகிறது. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கூலி போகிறது. தெருமுனை மருந்துக் கடைக்காரர் நம் அரைகுறை இந்தியைப் புரிந்துகொண்டு நான்கு மாத்திரையைக் கத்தரித்துத் தந்துவிடுகிறார். ஊரிலிருந்து வரும் பெற்றோர், அங்கே மீந்த மாத்திரைகளை அப்பளம் வடகத்தோடு கட்டிக்கொண்டு வருகிறார்கள். இவற்றில் எதையும் நான் ஏளனமாகச் சொல்லவில்லை. என் வீட்டிலும் நடந்தவையே.

ஆயினும் சிலவற்றை உறுதியாகக் கைக்கொள்ளலாம். ஜலதோஷமும் இன்புளூயன்சாவும் டெங்குவும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் எவ்விதப் பயனும் செய்யாது. ஆகவே டாக்டர் "இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்றால், கைராசி இல்லாதவர் என்று வேறொருவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவர் உண்ணலாகாது. எத்தனை நாள் என்பதை டாக்டரே சொல்லட்டும். சில நோய்களுக்கு முன்பு கருதியதைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று அண்மை ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால், நாட்களை நாமாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். காசநோய்க்கு மாத்திரம் மாதக் கணக்கு முழுவதும் நிறைவேறியே தீர வேண்டும். சிகிச்சையின் நடுவே ஊருக்குப் போக நேர்ந்தாலோ வேலை மாற்றம் வந்தாலோ, புறப்படுமுன் மருந்தகத்தில் சொல்லுங்கள். நிக்ஷய் என்ற தேசியப் பதிவில் உங்களுக்கு ஓர் எண் இருக்கும். அதைக் கொண்டு தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ சிகிச்சையை விடாமல் தொடரலாம். என் நண்பர் அன்று கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது எங்கள் நால்வரில் ஒருவருக்கேனும் இப்படிக் கேட்டு வைக்கத் தோன்றியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

திருத்திய பிரசுரத்தை என் தாயாரிடம் மறுபடியும் படித்துக் காட்டினேன். இம்முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து போய், தாம் ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த தகர டப்பாவை எடுத்து வந்தார். பாதி தீர்ந்த அட்டைகள் ஏழெட்டு அதில் இருந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தவற்றைத் தனியே ஒதுக்கினார். "இதையெல்லாம் என்ன செய்வது என்று மருந்துக் கடையில் கேட்டு வா, சாக்கடையில் போட்டுவிடாதே" என்றார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். இன்று மாலை அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.